ஊசி இறங்கி நின்ற இடம்

"நாள் தவறாம எண்ணெய் விட்டேன். அப்புறம் எப்படிம்மா பூட்டிக்கிட்டுது?"

கேட்டவர் பூதலிங்கம். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் மீராள் பீவி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டு, பழைய தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவள். பூதலிங்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும்.

இருவருக்கும் நடுவே மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு. அதன் மேல் வரைந்திருந்த பொன் பூக்கள் பாதி அழிந்துவிட்டன. ஊசி கீழே இறங்கி நின்றது. ஊசி குத்தி நின்றது ஒரு போர்வையில்.

பழைய சேலை, பழைய சட்டை, பள்ளிக்கூடத் தாவணி என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. மூன்று ஓரம் முடிந்திருந்தது. நாலாவது ஓரத்தின் பாதியில் ஊசி நின்றது.

போர்வையும் மெஷினுமாகச் சேர்த்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

மீராள் எண்ணெய்த் துளையில் விரலை வைத்தாள். விரலை மோந்து பார்த்தாள்.

"தேங்காயெண்ணெயா?"

"ஆமா. செக்குல ஆட்டுனது. கப்பூரம் போட்டுக் காய்ச்சி அவ தலைக்குத் தேய்க்கிறது."

"எண்ணெய் விட்டுட்டு ஓட்டுனியளா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஊசி இறங்கியிருக்குல்லா. எப்படி ஓட்ட?"

மீராள் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, அவியலுக்கும் நல்லது. இரும்புக்குள் போய் ஓடாமல் கிடந்தால் பிசினாகிவிடும். அவர் தினமும் விட்டது தினமும் இறுகியிருக்கிறது. பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் பூட்டிவிட்டது.

அதை அவள் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எந்த வாயால் சொல்வது?

"யாரு தச்சது?"

"வீட்ல. ஆவுடையம்மா. பேரனுக்குன்னு தச்சுக்கிட்டிருந்தா. நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போனா."

"பொறவு?"

"போனா."

அவ்வளவுதான் அவர் சொல்லும் கதை. ஆவுடையம்மாள் இறந்து வருஷத் திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனா என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். ஊர் முதலில் பரிதாபப்பட்டது. பிறகு பழகிக்கொண்டது. ஊருக்கும் வேலை இருக்கிறதே.

"எனக்கு ரெண்டு காரியம் ஆகணும்," என்றார் பூதலிங்கம். "மெசின் ஓடணும். ஊசி நகரக் கூடாது. அவ எங்க நிப்பாட்டுனாளோ அங்கதான் நிக்கணும்."

தன் மெஷினுக்காகக் காத்திருந்த டெய்லர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி அண்ணாச்சி?"

மீராள் சிரிக்கவில்லை.

"சரி," என்றாள்.

"செஞ்சிருவியாம்மா?"

"நான் தொட மாட்டேன். நீங்கதான் செய்யணும்."

"எனக்கு என்ன தெரியும்?"

ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும், தேய்ந்துபோன பல் பிரஷும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

பூதலிங்கம் சிஷ்யரானது இப்படித்தான். யாரும் தீட்சை கொடுக்கவில்லை.

*

காலையில் வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். துளை துளையாக மண்ணெண்ணெய் விடுவார். ஊறட்டும் என்று உட்கார்ந்திருப்பார். பிறகு பிரஷால் தேய்த்துத் துணியால் துடைப்பார்.

பழுப்பாகப் பிசின் வரும். கற்பூர வாசனை அதிலும் லேசாக இருக்கும்.

துடைத்த துணிகளை அவர் எறியவில்லை. மடித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மீராள் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது தீர்ந்த மெஷினை உரியவரே ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போக வேண்டும். அதற்கென்று மீராள் ஒரு நீளப் போர்வை வைத்திருந்தாள். பழஞ்சேலைகளைப் பல மடிப்பாக அடுக்கியது. அந்தக் கனத்தில் முனைக்கு முனை ஒரு வரி தைத்துவிட்டால் மெஷின் தேறிவிட்டது. டெய்லர்கள் தைத்த நேர்வரிகளும், கல்யாணச் சீராக வந்த மெஷினை முதல்முறையாக மிதித்த பெண்களின் நடுங்கும் வரிகளும் அதில் அடுத்தடுத்துக் கிடந்தன.

"இந்தப் போர்வை எப்பம்மா முடியும்?" என்று பூதலிங்கம் கேட்டார்.

"மெசின் கெட்டுப்போறது எப்ப நிக்கும்?" என்றாள் மீராள்.

அவர் மறுபடி பிரஷை எடுத்தார்.

*

"எத்தன நாளா ஊத்துதேன். கொஞ்சங்கூட அசையலியே."

"அசையக் கூடாதுன்னியளே."

"அது ஊசிம்மா. நான் சொல்லுதது சக்கரம்."

மீராள் வேறொரு மெஷினைத் துடைக்கப் போனாள்.

அவர் விடவில்லை. வண்டி ஓட்டிய புத்தி.

"பஸ்ஸ நியூட்ரல்ல போட்டு எஞ்சின ஓட விடுவோம்லா. வண்டி நகராது. எஞ்சின் ஓடும். இதுல அப்படி ஒண்ணு இல்லியா?"

"இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து மீராள் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்க்கவில்லை.

வேறொரு மெஷினை இழுத்துப் போட்டாள். சக்கரத்தின் நடுவில் இருந்த திருகைத் தளர்த்தினாள்.

"மிதிங்க."

மிதித்தார். சக்கரம் சுற்றியது. ஊசி அசையவில்லை. கடகடவென்று சத்தம் எழுந்தது. மத்தியானச் சோறு உண்டபின் அவர் கண்ணயரும்போது அடுத்த அறையிலிருந்து எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம்.

பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். வேட்டி வியர்வையில் நனைந்தது. வந்த ஆள்களைக் கையைக் காட்டி வெளியே நிறுத்தினாள் மீராள்.

கடைசியில் கால் ஓய்ந்தது.

"என்ன தச்சிய, அண்ணாச்சி?"

அவர் ஊசியைப் பார்த்தார். ஊசிக்குக் கீழே பார்த்தார்.

தன் மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

*

அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பெண் கடைக்குள் வந்தாள்.

"நான் வடிவு. அவுக மக."

மீராள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"போர்வையக் கேட்டேன். நூல அறுத்து எடுத்துக்கிடுதேம்ப்பான்னு கத்திரிக்கோல எடுத்தேன். கைய ஓங்கிட்டாவ. கட்டிக் குடுத்த மகள. எங்க வீட்டுக்காரர் முன்னால."

"ம்."

"பிள்ள நடக்க ஆரம்பிச்சுட்டான். இனி எப்ப போத்த? அவனுக்குன்னு தச்சது."

மீராள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அவுகளுக்கு மட்டுமா செத்தா? எனக்கும் அம்மாதானே?"

மீராள் மெஷினிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த போர்வையின் நுனியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வடிவு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தாவணித் துண்டும் அதில் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன தாவணி.

அப்பா வருவதற்குள் போய்விட்டாள்.

பூதலிங்கம் வந்து போர்வையைத் தொட்டார்.

"நனஞ்சிருக்கே. மண்ணெண்ணெய் சிந்திட்டியாம்மா?"

"இல்ல. ஒங்க மக வந்திருந்தா."

அன்றைக்கு அவர் பிரஷைத் தொடவில்லை. போர்வை காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

*

பிறகு ஒரு காலையில் சக்கரம் அசைந்து கொடுத்துவிட்டது.

துடைக்கும்போது கை அழுந்தியிருக்க வேண்டும். ஓர் இம்மி. அந்த ஓர் இம்மிக்கு ஊசியும் மேலே வந்தது.

பூதலிங்கம் சூடு பட்டதுபோலக் கையை எடுத்தார்.

"போச்சு! போச்சு! நகத்திட்டேனே!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"நகரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? நீ சரின்னியா இல்லியா?"

"சரின்னேன்."

"ஏமாத்திட்டியே தாயி. மண்ணெண்ணெயக் குடுத்து எங்கையாலேயே செய்ய வச்சிட்டியே."

மீராள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆட்டோவைக் கூப்பிட்டார். மெஷினை ஏற்றினார். போர்வையை மடியில் வாரிக்கொண்டு போய்விட்டார். சட்டை ஆணியிலேயே தொங்கியது.

மறுநாள் அதே ஆட்டோ வந்து நின்றது.

இறங்கிய பூதலிங்கத்தின் கண் சிவந்திருந்தது. அவர் தூங்கியிருக்கவில்லை.

"பழைய எடத்துலயே கொண்டுபோய் நிப்பாட்டித் தா. வேற ஒண்ணும் வேண்டாம். ஓட வேண்டாம். நிக்கட்டும்."

"பின்னால சுத்துனா நூல் அறும்."

"அறாம சுத்த முடியாதா?"

"முன்னால மட்டும்தான்."

"முன்னால சுத்துனா அவ விட்ட எடம் போயிருமே!"

மீராள் வேறொரு மெஷினை அவர் பக்கம் நகர்த்தினாள். கடைப் போர்வையை அதில் வைத்தாள். அடித்தகட்டைத் தள்ளித் திறந்தாள். நூலைப் பிடிக்கும் கொக்கி உள்ளே தெரிந்தது.

சக்கரத்தை மெல்லச் சுற்றி ஊசியை அடிவரை இறக்கினாள்.

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். ஊசியோடு நூலும் துணிக்குள் இறங்கி நேராக நின்றது. கொக்கி எட்டத்தில் இருந்தது.

ஊசியின் திருகைத் தளர்த்தினாள். சக்கரத்தைத் தொடாமல், ஊசியை மட்டும் கையால் மேலே உருவினாள். நூலும் அதோடு வந்துவிட்டது.

"என்ன இருக்கு?"

"பொத்தல் இருக்கு."

"தையல்?"

அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இல்ல."

ஊசியைத் திரும்ப மாட்டினாள். மறுபடியும் இறக்கினாள். இந்த முறை சக்கரத்தை விடாமல் சுற்றினாள். ஊசி அடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது. வந்ததும் நூல் தளர்ந்து சின்னதாக வளைந்தது. கொக்கி வந்து அந்த வளைவுக்குள் நுழைந்து நூலை வாங்கிக்கொண்டது. ஊசி முழுதும் மேலே ஏறியது. துணியில் தையல் விழுந்திருந்தது.

பூதலிங்கம் நிமிரவில்லை.

"இன்னொருக்காச் சுத்தும்மா."

சுற்றினாள்.

"இன்னொருக்கா."

சுற்றினாள்.

"மேல வரும்போதுதான் விழுதா?"

மீராள் இன்னொரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"இறங்கும்போது விழலியா?"

"இறங்கும்போது பொத்தல்தான் அண்ணாச்சி."

அவர் திரும்பித் தன் மெஷினைப் பார்த்தார். ஊசி இறங்கி நின்ற இடத்தில் துணி துருவேறிச் சிவந்திருந்தது.

"அப்ப அவ கடைசியாப் போட்டது?"

"நீங்கதான் பாத்தியளே."

"அது விழவே இல்லியா?"

கேட்டுக்கொண்டே அழுதார். பொத்தலுக்கா காவல் இருந்தேன், பொத்தலுக்கா எண்ணெய் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மீராள் தடுக்கவில்லை. கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

முடித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

யாரும் சொல்லாமலே சக்கரத்தில் கையை வைத்தார். தன் பக்கமாக, முன்னால், சுற்றினார்.

இரும்பு முனகியது. ஊசி மேலே வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். தையல் விழுந்திருந்தது. பக்கத்துத் தையல்களின் அதே நீளம்.

"இது யாரு போட்டது? அவளா, நானா?"

"அடுத்ததையும் போட்டுட்டுக் கேளுங்க," என்றாள் மீராள்.

*

துருப்பிடித்த ஊசியைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். மிதிக்கக் கற்றுக் கொடுத்தாள்.

"பிரேக்க மிதிக்காதிய அண்ணாச்சி. கால் ஊஞ்சல் ஆடணும். குதி, நுனி. குதி, நுனி."

"மலையில எறங்கையில ஒரே சோலி பிரேக்குதான்."

"இது மலை இல்ல."

வேறொரு மெஷினில் கடைப் போர்வையை வைத்துப் பழகினார். நூல் அறுந்தது. விரலில் ஊசி ஏறியது. ஐம்பது பேரோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பியவருக்கு ஒரு முழத் துணி நேராகப் போகவில்லை. டெய்லர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

பிறகு ஒரு நாள், பேரனின் போர்வையோடு நின்ற தன் மெஷினைக் கடை ஸ்டாண்டில் ஏற்றி உட்கார்ந்தார். மிச்சமிருந்த பாதி ஓரத்தைத் தைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தார். முனை வந்ததும் நூலை அறுத்தார்.

போர்வை மெஷினிலிருந்து விடுபட்டு அவர் மடியில் விழுந்தது.

விரித்துப் பார்த்தார்.

ஆவுடையம்மாளின் வரி ஓர் இழை பிசகாமல் வந்திருந்தது. துருக் கறை வரைக்கும் அப்படி. அதற்கப்புறம் அவருடைய வரி. மேலே ஏறி, கீழே இறங்கி, ஓரத்தைவிட்டு உள்ளே ஓடி, திரும்ப வந்து, எப்படியோ முனையைச் சேர்ந்திருந்தது.

"கோணலா இருக்கே."

"இருக்கு," என்றாள் மீராள்.

"அவ பாத்தா தாங்க மாட்டா. ஒரு தையல் பிசகுனாலும் உக்காந்து முழுசும் பிரிப்பா. சோறு வைக்காம பிரிப்பா."

மேஜையில் கிடந்த பிளேடை எடுத்தார்.

"பிரிச்சிரட்டுமாம்மா?"

"எங்கிட்ட ஏன் கேக்கிய? அவுகள்ட்ட கேட்டுட்டு வாங்க."

"ஆமா. அதுவும் சரிதான்," என்றார் பூதலிங்கம்.

எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். போர்வையைத் தோளில் போட்டு, பிளேடைக் கையில் பிடித்தபடி படியிறங்கி நடந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் அவர் தெரு.

மீராள் வாசலுக்கு வந்து பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். கூப்பிட வாய் திறந்தாள், கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டு முகப்பில் ஒரு பஸ் திரும்பியது. பூதலிங்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

பஸ் போய்விட்டது. தூசி அடங்கியது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். படி ஏறவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னார்.

"அவ செத்துப் போயிட்டாளேம்மா."

மீராள் பீவி இறங்கி வந்து, அவர் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள்.